அத்தையை அழைக்கப் போன படகு

பட்டறை வாசலில் கறிக்கோழி ஏற்றும் வேன் ஒன்று வந்து நின்றது. பின்கதவைத் திறந்ததும் முதலில் கோழி நாற்றம் வந்தது. அதன் பின்னால் என் மாமா வந்தார்.

சென்னியப்ப மாமா, அம்மாவின் தம்பி. பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். பழைய ஜமுக்காளத்தில் எதையோ சுற்றி, கைக்குழந்தையை அணைப்பதுபோல மார்போடு அணைத்திருந்தார். கனம் தாங்காமல் முதுகு பின்னால் வளைந்திருந்தது. மூச்சு வாங்க அதை என் மேஜைமேல் இறக்கினார்.

ஜமுக்காளத்தை விலக்கிப் பார்த்தேன். கீழே மூன்று இதழ் விசிறி, மேலே ஓர் எஞ்சின், இரண்டுக்கும் நடுவில் கொக்கின் கால்போல நீளமாக ஒரு தண்டு. கசிந்திருந்த எண்ணெயில் வெள்ளை இறகுகள் அப்பிக்கிடந்தன. பாதி உரித்த கோழி மாதிரிதான் இருந்தது.

"இது என்னங்க மாமா?"

"மோட்டாரு கண்ணு."

"எந்தக் கெணத்துக்குங்க?"

கோயம்புத்தூரில் மோட்டார் என்றால் வேறு என்ன கேட்பது?

"கெணத்துக்கு இல்ல அம்மணி. போட்டுக்கு."

"எதைப் போட்டுங்க?"

"அட, எதையும் போட்டு இல்ல. தண்ணியில போற போட்டு!"

முன்கட்டில் என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு நேரத்திலும் கரண்ட் போனபோதும் தவிர அந்த லேத் நின்று நான் பார்த்ததில்லை.

"இதைய நீதான் ஓட வெச்சுக் குடுக்கோணும்," என்றார் மாமா. "ஆடிப் பதினெட்டுக்கு முன்னால ஓடோணும். இல்லீன்னா உங்கத்தை ஊட்டுக்கு வரமாட்டா."

லாரியில் வந்த படகு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் அது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. எங்கள் பட்டறை சத்தி ரோட்டில் கணபதி பஸ் ஸ்டாப்பைத் தாண்டி இருந்தது. அங்கிருந்து சரவணம்பட்டி போகும் வழியில் சோளக்காட்டைத் தவிர வேறெதுவும் கிடையாது.

மாமாவின் பண்ணை இருந்த பக்கம் இன்னும் வறட்சி. ஆழ்குழாய் போட்டால் புழுதிதான் வரும். மனிதர்கள் குடிப்பதும் கோழிகள் குடிப்பதும் லாரித் தண்ணீர்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு மத்தியான வேளையில் லாரியேறி ஒரு படகு வந்தது. நீலமும் வெள்ளையும் பூசிய ஃபைபர் படகு. எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம்.

கொச்சியில் யாரோ கழித்துக்கட்டிய படகை மாமா மோட்டாரோடு சேர்த்து வாங்கிவிட்டார். ஆனைமலைப் பக்கம் ஓர் அணைத் தேக்கத்தில் ஆடிப் பதினெட்டு முதல் படகு சவாரி விட அனுமதியும் வாங்கிவிட்டார். ருக்குமணி அத்தையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

படகு வந்து இறங்கியபோது அத்தை தண்ணீர் லாரியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாராம். நிறைகுடத்தை இடுப்பில் வைத்தபடி படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாராம்.

"குடிக்கற தண்ணியும் லாரில வருது. தண்ணியில போற போட்டும் லாரில வருது. ரொம்ப நல்லாருக்குதுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. சுற்றுவட்டாரமே படகு பார்க்க வந்தது. கோழிக் கொட்டகைக்குப் பக்கத்தில் நின்ற படகில் ஏறி உட்கார்ந்து ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண வீட்டில் யாரோ அத்தையைப் பார்த்து, "கப்பல்காரம்மா, வாங்க வாங்க" என்று சொல்ல, பந்தியே சிரித்திருக்கிறது. மறுநாள் காலையில் அத்தை ஒரு பையை எடுத்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அத்தையின் பிறந்த வீடு அதே அணைத் தேக்கத்தின் அக்கரையில், தென்னந்தோப்புக்குள் இருந்தது. சாலை வழியாகப் போனால் ஊரெல்லாம் சுற்ற வேண்டும். தண்ணீர் வழியாகப் போனால் நேரே எதிர்க்கரை.

படியிறங்கும்போது அத்தை சொல்லிவிட்டுப் போனது இதுதான்: "போட்டு ஓடுச்சுன்னா அதுலயே வந்து கூப்புடுங்க, வாரேன். பஸ்ஸுல வந்தீங்கன்னா நான் வரமாட்டேன்."

மாமா மோட்டாரைப் பல்லடத்தில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கிறார். அவர் கயிற்றை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, பழைய இரும்புக்குப் போடச் சொல்லிவிட்டார்.

"மெக்கானிக் எங்கீங்க?"

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். லேத் வீட்டுக்காரருடையது, எஞ்சின் வேலை என்னுடையது என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம்.

பட்டறைக்குப் புதிதாக வருபவர்கள், கையெல்லாம் கிரீஸோடு நிற்கிற என்னிடமே, "மெக்கானிக் எங்கீங்க?" என்பார்கள்.

"நாந்தானுங்க."

"இல்லம்மிணி, பெரிய மெக்கானிக்கு?"

லேத் சத்தத்துக்கு நடுவிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வரும்: "அவங்கதானுங்க பெருசு."

நான் இந்தப் படிப்பில் சேர்ந்ததற்கு மாமாதான் காரணம். பெண்பிள்ளை இரும்பைப் படித்து என்ன செய்யப் போகிறாள் என்று அம்மா ஒரே பிடியாக நின்றபோது, பல்லடத்திலிருந்து மொபெட்டில் வந்து இறங்கினார். "ஏனக்கா, புள்ளை எஞ்சினு படிச்சா எஞ்சினு கோவிச்சுக்குமா?" என்று கேட்டார். அம்மா சம்மதித்துவிட்டார். ஆனால் முதல் நாள் பாலிடெக்னிக்குக்கு என்னோடு வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு என்னோடு டவுன் பஸ்ஸில் வந்தவர் ருக்குமணி அத்தை. சாயங்காலம் மணி அடிக்கும்வரை ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் கட்டுச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "என்ன கண்ணு, எஞ்சினைப் பாத்தியா?" என்றார். "இன்னும் காட்டலீங்க அத்தை" என்றேன். "நாளைக்குக் காட்டுவாங்க, தின்னு" என்றார்.

இப்படிப்பட்ட இருவரும் ஆளுக்கொரு ஊரில் இருந்தார்கள். நடுவில் என் மேஜைமேல் ஒரு படகு மோட்டார்.

மாமா வேனில் ஏறிப் போனதும் நான் எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் அத்தை வீட்டுக்குப் போன் போட்டேன்.

"ஆரு, மல்லியா? நல்லாருக்கியா கண்ணு?" என்றார் அத்தை. உடனே, "உங்க மாமன் பேசச் சொன்னாரா?"

"இல்லீங்க அத்தை. நானாத்தான் கூப்பிட்டேனுங்க."

"அந்த மோட்டாரு உன்ற பட்டறைக்குத்தான் வந்திருக்குதாம்ல?"

"ஆமாங்க."

"ஓடுமா?"

"பிரிச்சுப் பாத்தாத்தானுங்க தெரியும்."

"அவரு சோறு திங்கறாரா என்னன்னு நான் கேக்கலை. நீயும் சொல்லாதே."

"ரசம் வெச்சாராம். தீஞ்சு போச்சாமுங்க."

"நான் கேக்கலைன்னேன்ல? ரசம் எப்படிப் புள்ளை தீயும்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அத்தையின் குரல் தாழ்ந்தது.

"மல்லி, போட்டு வாங்குனதுக்கு எனக்குக் கோவமில்ல. ஊரே வந்து வேடிக்கை பாக்கறப்பத்தான் எனக்கும் தெரிஞ்சுது பாத்தியா? அதுதான் மனசுக்கு ஆகலை."

ஏறாத முள்

மறுநாள் காலையிலேயே மோட்டாரை ஒரு மரச்சட்டத்தில் மாட்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றி இறகுகளைக் கழுவினேன். பிறகு கயிற்றை இழுத்தேன். பெரிய எதிர்ப்பில்லாமல் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல வந்தது.

அதுவே பாதி நோயைச் சொல்லிவிட்டது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அமுக்கினால் உள்ளே காற்று இறுகி, கைப்பிடியை எதிர்த்துத் தள்ளும் அல்லவா? எஞ்சினுக்குள்ளும் பிஸ்டன் மேலே ஏறும்போது காற்றும் பெட்ரோலும் அப்படி இறுக வேண்டும். அந்த இறுக்கத்துக்குத்தான் கம்ப்ரெஷன் என்று பெயர். அது குறைந்தால் பொறி விழும், வெடிப்பு இருக்காது.

இது இரண்டு சிலிண்டர் மோட்டார். பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் அழுத்தமானியைத் திருகிக் கயிற்றை இழுத்தேன். மேல் சிலிண்டரில் முள் நன்றாக எழும்பி நின்றது. கீழ் சிலிண்டரில் அதில் பாதிகூட ஏறவில்லை, மறுபடி இழுத்தும் அப்படியே.

பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டேன். மறுபடி இழுத்தபோது முள் சரசரவென்று ஏறியது.

"ரிங்குதான்," என்றேன்.

"எப்படித் தெரியும்?" என்று கேட்டார் மாமா. காலையிலேயே வந்து ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங்கு சந்தை அடைக்கலீங்க மாமா. எண்ணெய் போய் கொஞ்ச நேரத்துக்கு அடைச்சுது, அதனால முள்ளு ஏறிச்சு. சிலிண்டரை மேல மூடற ஹெட்டுல கோளாறா இருந்தா எண்ணெய்க்கு மசியாது."

"அப்ப ஓடுமா?"

"பிரிக்கறேனுங்க."

பிரித்தேன். கீழ் பிஸ்டனின் இரண்டு ரிங்குகளும் கரிபிடித்து, பிஸ்டனின் காடிப் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கிடந்தன. வில்போல விரிந்து சிலிண்டர் சுவரைத் தொட வேண்டியவை அவை. சுவரில் மெல்லிய கீறல்கள் இருந்தன. நகத்தால் வருடிப் பார்த்தேன், நகம் மாட்டவில்லை. பிழைக்கும்.

பிஸ்டனை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கழற்றும்போது உடைந்த ஒரு ரிங்கின் துண்டைக் கூராக்கி, காடியிலிருந்த கரியைச் சுரண்டினேன். மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. இன்னொரு துண்டை எடுத்து அவரும் சுரண்ட வந்தார். கோழிக்கு ஊசி போட்ட கை, சுத்தமாகத்தான் செய்தது. சிலிண்டர் சுவரை மெல்லத் தேய்த்து, கீறல்களைத் தணித்தேன்.

இந்தக் கம்பெனி மோட்டாருக்குப் புது ரிங் கோயம்புத்தூரில் எந்தக் கடையிலும் இல்லை. மோட்டார் சைக்கிள் ரிங்குகளை அளந்து பார்த்தோம், கனம் ஒத்து வரவில்லை. கடைசியில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, பீளமேட்டுப் பக்கம் வார்ப்பு ரிங் செய்கிற சின்னப் பட்டறையைப் பிடித்தோம். அதன் முதலாளியம்மா என் வயதுக்காரர். பழைய ரிங்கைக் கையில் வாங்கி, "இது எந்த வண்டிங்க?" என்றார்.

"போட்டுங்க."

"பல்லடத்துப் போட்டா?" என்று அவர் கேட்டதும் மாமாவின் முகம் சிவந்துபோனது. "ஊரு பூராத் தெரிஞ்சு போச்சு. தெரிய வேண்டியவளுக்கு மட்டும்தான் நான் சொல்லலை," என்றார் என்னிடம், ரோட்டுக்கு வந்தபின்.

அதுவரை படகு விஷயத்தில் அவர் தன் தரப்பைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அன்றுதான் முதல்முறையாக அத்தையின் தரப்பைச் சொன்னார். டவுன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டோம்.

டிரம்முக்குள் ஒரு கடல்

புது ரிங் வந்தது. கேஸ்கட் வெட்டி, ஹெட்டை மாட்டி, அழுத்தமானியைத் திருகினேன். இரண்டு சிலிண்டரிலும் முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றது. கயிற்றை இழுத்தால் இப்போது உள்ளிருந்து யாரோ பதிலுக்கு இழுத்தார்கள்.

பட்டறை வாசலில் ஒரு தார் டிரம்மைக் கழுவி வைத்துத் தண்ணீர் நிரப்பினோம். விளிம்பில் பலகை கட்டி, விசிறி தண்ணீருக்குள் இருக்கும்படி மோட்டாரைத் தொங்கவிட்டோம். பக்கத்துக் கிரைண்டர் கம்பெனிக்காரர்களும் டீக்கடைக்காரரும் வந்து கூடிவிட்டார்கள்.

இரண்டு இழுப்பில் பிடித்துக்கொண்டது. நீலப்புகையும் இடிச் சத்தமும் தெருவை நிறைத்தன. டிரம் தண்ணீர் கொந்தளித்து எல்லார் மேலும் அடித்தது. மாமா துண்டைத் தலைக்குமேல் சுழற்றினார். டீக்கடைக்காரர், "பல்லடத்துக்கே கடல் வந்துருச்சுங்கோவ்!" என்று கத்தினார்.

நான் மோட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சின்ன ஓட்டை உண்டு. எஞ்சினைச் சுற்றிக் குளிர்வித்த தண்ணீர் அது வழியாகத் தாரையாக விழ வேண்டும். ஒரு சொட்டுகூட விழவில்லை. கையை ஹெட்டுக்கு அருகே கொண்டுபோனேன். அனல் அடித்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

"ஏன் கண்ணு? நல்லாத்தானே ஓடுச்சு?" மாமாவின் துண்டு பாதிச் சுழற்சியில் நின்றது.

"இப்படியே ஓட்டினா புது ரிங்கும் கரிபிடிச்சு ஒட்டிக்குமுங்க. பழசும் அப்படித்தான் போயிருக்குது. உள்ள தண்ணி ஏறலை."

மோட்டாரின் கொக்குக்காலைப் பிரித்தேன். தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்பு அதற்குள்தான் இருக்கிறது. அதில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரில் பாதி இதழ்கள் முறிந்து, மீதி பிடிவாதமான கிழவர்களைப்போல விறைத்துக் கிடந்தன.

என் வீட்டுக்காரர் வந்து குனிந்து பார்த்தார். "உலகத்துக்கே பம்பு செய்யற ஊருல இருந்துட்டு, பம்பை மட்டும் பாக்காம உட்டுட்டியே மல்லி," என்றார். தெருவே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஆடிப் பதினெட்டு நெருங்கிக்கொண்டிருந்தது. மாமா வேறு யாரையும் நம்பவில்லை. பழைய இம்பெல்லரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு தானே கொச்சிக்கு பஸ் ஏறினார். திரும்பி வந்தபோது சட்டைப்பையில் புது இம்பெல்லர் இருந்தது. கையில் ஒரு பெரிய பொட்டலம், நேந்திரங்காய் வறுவல் வாசனையோடு. நான் கை நீட்டினேன். "அது உனக்கு இல்ல அம்மணி," என்று பின்னால் ஒளித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அந்தச் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் கயிறுபோல விழுந்தது. யாரும் கத்தவில்லை. மாமா அந்தத் தாரையில் கையை நீட்டி நனைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அக்கரைக்கு

ஆடிப் பதினெட்டுக்கு இரண்டொரு நாள் முன்னால், விடிந்த கொஞ்ச நேரத்தில் படகை அணைத் தேக்கத்தில் இறக்கினோம். மோட்டாரைக் கவனிக்க நானும் ஏறிக்கொண்டேன். மலைமேல் மேகம் இறங்கியிருந்தது. நல்ல காற்று.

புது ரிங் சுவரோடு பழகும்வரை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. கை தானாக முறுக்கப் போகும், நான் முறைப்பேன், கை திரும்பி வரும். பரிசலில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் துடுப்புப் போட்டபடி எங்களோடு கூடவே வந்தார்.

"ஏனுங்க, மோட்டாரு ஓடுதுங்களா? இல்ல கயிறு கட்டி இழுத்துட்டு வரட்டுங்களா?"

"புது மாப்பிள்ளைங்க. மெதுவாத்தான் நடக்கும்," என்றார் மாமா.

நடுத் தேக்கத்தைத் தாண்டியதும் மோட்டார் திணறியது. சத்தம் கம்மி, இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. மாமா என் முகத்தைப் பார்த்தார். ரிங்கா? பம்பா? ஹெட்டைத் தொட்டேன், இளஞ்சூடுதான். மோட்டாரைச் சாய்த்து விசிறியைத் தூக்கினேன். பச்சைப் பாசி முடி முடியாகச் சுற்றியிருந்தது. பாசியைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் என்னைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பிய்த்து எறிந்துவிட்டுக் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது.

தென்னந்தோப்புக் கரையில் அத்தை நின்றுகொண்டிருந்தார். அரக்கு நிறப் பட்டுச் சேலை, தலையில் பூ, காலடியில் பை. மோட்டார் சத்தம் கேட்டபிறகு இவ்வளவும் செய்திருக்க முடியாது. நானும் கேட்கவில்லை.

"பஸ்ஸுல வரலை பாத்தியா?" என்றார் மாமா, படகில் நின்றபடி.

அத்தை என் கையைப் பிடித்து ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு பக்க விளிம்பையும் இறுகப் பிடித்துக்கொண்டார். மாமா வறுவல் பொட்டலத்தை நீட்டினார். வாங்கிக்கொள்ள ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது. யோசித்து, எடுத்தார்.

திரும்பும் வழியில், நடுத் தண்ணீரில், "சித்தெ நிறுத்துங்க," என்றார் அத்தை.

மாமா நிறுத்தினார். சத்தம் ஓய்ந்ததும் தண்ணீர் படகில் மோதுகிற ஒலி மட்டும் கேட்டது. நான் மோட்டாரைத் துடைக்கிற சாக்கில் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வேண்டாம்னுபோட்டீன்னா? அந்தப் பயம்தான். தப்புத்தான் ருக்கு." மாமா நிறுத்தி, பிறகு மெல்லச் சொன்னார்: "உன்னையப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, காப்பி குடுத்தது நீயா உங்கக்காளான்னுகூட எனக்குத் தெரியாது. உங்கூட்டு சன்னல்ல இந்தத் தண்ணி தெரிஞ்சுதா? அதைப் பாத்துட்டே உக்காந்திருந்தேன். பொறந்ததுலருந்து அவ்வளவு தண்ணிய நான் பாத்ததில்ல. அன்னைக்கே நெனச்சேன், ஒரு நா இதுல போகோணும்னு."

அத்தை ஒரு வறுவலைக் கடித்தார்.

"தெரியுமுங்க. நீங்க போனதும் எங்கக்கா சொன்னா. 'அடியே, மாப்பிள்ளை உன்னையப் பாக்கலை. அணையப் பாத்துட்டுப் போறாரு'ன்னு."

"அப்பறம் ஏன் கட்டிக்கச் சம்மதிச்சே?"

"பொண்ணு பாக்க வந்தவங்கள்ல வேற ஆரும் எங்கூட்டுச் சன்னல் பக்கம் பாத்ததில்லீங்க. எனக்கும் அந்தத் தண்ணி புடிக்கும்."

மாமாவின் சிரிப்பு தண்ணீர்மேல் வெகுதூரம் போயிருக்க வேண்டும். பரிசல்காரர் திரும்பிப் பார்த்தார்.

இக்கரை வந்து சேர்ந்தோம். மாமா முதலில் குதித்துக் கயிற்றைக் கட்டினார். பையை எடுத்துக்கொண்டு, "எறங்குங்க அத்தை," என்றேன்.

அத்தை அசையவில்லை. "மல்லி, காலைலருந்து வெய்யில்ல இருக்கறே. நீ எறங்கி நெழல்ல உக்காரு கண்ணு," என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, "என்னத்துக்குங்க கயித்தைக் கட்டறீங்க? இன்னொரு சுத்துப் போலாம்."

மாமா என்னைப் பார்த்தார். மோட்டார் தாங்கும் என்று தலையசைத்தேன்.

நான் இறங்கிக்கொண்டேன். படகு மெதுவாக விலகியது. மலை அடிவாரத்தில் வளைந்து திரும்புகிறவரை அரக்குச் சேலை தெரிந்தது. அதன்பிறகு சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அவர்கள் திரும்பி வர வெகுநேரமாயிற்று. மோட்டார் பழுதாகியிருக்குமோ என்று எனக்கு ஒரு கணம்கூடத் தோன்றவில்லை.